எங்க வீட்டுப் பிரஷர்

எங்க வீட்ல பிரஷர் எனக்குத்தான் சார். அதுல மட்டும் யாரும் பங்குக்கு வரக் கூடாது. தெருவைக் கேட்டாலும் சொல்லும், மார்க்கெட்டைக் கேட்டாலும் சொல்லும். ஏலக்காரர் தண்டபாணிக்கு பிரஷர், பாத்துப் பேசுங்கடான்னுதான் சொல்லுவாங்க. அவர் வீட்டுக்காரிக்கு பிரஷர்னு ஒருத்தன் சொல்லி நான் கேட்டதில்ல. இப்ப ஆஸ்பத்திரிக் கட்டில்ல கெடக்குறது யாரு? அவ. நான் ஒட்டன்சத்திரத்துல இருந்து திண்டுக்கல்லுக்கு கஞ்சி தூக்கிட்டுப் போறேன். இதுல ஏதாவது நியாயம் இருக்கா, நீங்களே சொல்லுங்க.

கொஞ்சம் நகந்து உக்காருங்க சார், இந்தத் தூக்குவாளிய காலுக்கு நடுவுல வச்சுக்கிறேன். டிரைவர் பிரேக் போட்டாருன்னா கஞ்சி பூரா உங்க வேட்டியிலதான். சத்தமாப் பேசுறேன்னு நெனைக்காதீங்க. தொண்டையே இப்படித்தான். காய்கறி மார்க்கெட்ல ஏலம் விடுறவன் நான். முருங்கைக்காய்க் கட்டு மேல ஏறி நின்னு வெல சொன்னேன்னா கேட்ல டீ ஆத்துறவனுக்குக் கேக்கும். எனக்கு முன்னாடி ஏலம் விட்டவரு தகரக் குழாய வாயில வச்சுக்கிட்டுக் கத்துவாரு. எனக்கு அதெல்லாம் வேண்டியதில்ல.

எனக்குப் பிரஷர் வந்த கதையச் சொல்றேன். வரல, கண்டுபிடிச்சாங்க. மார்க்கெட் சங்கத்துல ஒரு கேம்ப் போட்டாங்க. சும்மா போற வழியில உக்காந்தேன். சின்ன வயசு டாக்டர். கையில பட்டையச் சுத்தி பொசுபொசுன்னு காத்தடிச்சாரு. அடிச்சவரு மறுபடி அடிச்சாரு. கொஞ்ச நேரம் உக்கார வச்சு இன்னொரு தடவ அடிச்சாரு. நூத்தி எழுவதுக்கு நூத்தி பத்து இருக்கு, தலை வலிக்குதாங்கறாரு. இல்லங்கறேன். கிறுகிறுப்பு? இல்ல. மூச்சு வாங்குதா? ஏய்யா, இப்பத்தான் ரெண்டு லோடு ஏலம் விட்டுட்டு வந்து உக்காந்திருக்கேன், என்னயப் பாத்து மூச்சு வாங்குதான்னு கேக்குறீங்களேன்னு சொன்னேன். பக்கத்துல நின்னவங்கெல்லாம் சிரிச்சுட்டாங்க.

அவரு சிரிக்கல. இது சத்தம் காட்டாம உள்ளுக்குள்ளயே ரத்தக் குழாயக் கெடுக்குற நோய், உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, தெரியும்போது மூளையிலயோ நெஞ்சுலயோ கொண்டு வந்து நிறுத்திரும்னாரு. தெனமும் மாத்திரை போடணும், நல்லா இருந்தாலும் போடணும், உப்பக் கொறைக்கணும், நடக்கணும், மாசா மாசம் வந்து பாக்கணும்னு வரிசையாச் சொன்னாரு. கடைசியில எந்திரிக்கும்போது, டென்ஷனும் ஆகாம பாத்துக்கங்கன்னாரு. பாருங்க, அதச் சொன்னாரு. அதுதான் சார் மருந்து! மத்ததெல்லாம் அவரு படிச்ச படிப்புக்குச் சொன்னது. அந்த ஒரு வார்த்தை எனக்குச் சொன்னது. நான் அதப் பிடிச்சுக்கிட்டேன்.

வீட்டுக்கு வந்தேன். பொண்டாட்டி நாச்சம்மாளக் கூப்பிட்டேன். மகளையும் கூப்பிட்டேன், கோகிலா, பக்கத்துத் தெருவுலதான் கட்டிக் குடுத்திருக்கு. ரெண்டு பேரையும் நிக்க வச்சுச் சொன்னேன். இந்தா பாருங்க, எனக்குப் பிரஷர். இன்னையில இருந்து இந்த வீட்ல என்னய யாரும் கோபப்படுத்தக் கூடாது. கெட்ட சேதி எங்கிட்ட வரக் கூடாது. சண்டை எங்கிட்ட வரக் கூடாது. எவனாவது வாசல்ல நின்னு கத்தினான்னா அவன அப்படியே அனுப்பிரணும். மீறி எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்கதான் பொறுப்பு.

நாச்சம்மா சரிங்கன்னா. அவ எப்பவும் சரிங்கதான். சார், நீங்க நம்ப மாட்டீங்க, அந்தப் பொம்பளைக்குக் கோபம் வந்து நான் பாத்ததே இல்ல. தட்டத் தூக்கி எறிஞ்சாலும் பொறுக்கி வச்சுட்டு, தோசை ஊத்தட்டுமாங்கன்னு கேப்பா. அவ்வளவு அமைதி.

அப்புறம் பாருங்க, ராஜ வாழ்க்கை. போர் மோட்டார் எரிஞ்சு போயிருக்கு, எனக்குத் தெரியாது. ஆளக் கூட்டியாந்து கழட்டி, காயில் கட்டி மாட்டினதுக்கு அப்புறம்தான், அது போன மாசமே சரி பண்ணியாச்சுங்கறா. பக்கத்து வீட்டுக்காரன் நம்ம சுவத்துல ஆணி அடிச்சு பந்தல் போட்டிருக்கான். அவளே போய்ப் பேசி எடுக்க வச்சுட்டா. மக வீட்ல மாமியாருக்கும் கோகிலாவுக்கும் பெரிய தகராறு, பொட்டியக் கட்டிட்டு வந்துருச்சு. அது வந்தது, அழுதது, இவ சமாதானம் பண்ணித் திருப்பிக் கொண்டு போய் விட்டது, எல்லாம் நான் மார்க்கெட்ல இருந்து வர்றதுக்குள்ள காதும் காதும் வச்ச மாதிரி முடிஞ்சிருச்சு. நான் வந்து சாப்புட்டுட்டுத் தூங்குறேன். என்னயக் கண்ணுல வச்சுப் பாத்துக்கிட்டா சார், அது உண்மை. உண்மைய நான் எங்க வேணாலும் சொல்லுவேன்.

அப்ப மார்க்கெட்ல கத்துறீங்களேன்னு கேக்குறீங்களா? அது தொழில் சத்தம். கோபச் சத்தம் வேற, தொழில் சத்தம் வேற.

சாப்பாடா? அதையும் கேட்டுட்டீங்க. மொதல்ல அவ உப்பக் கொறச்சுப் பாத்தா. கொழம்ப வாயில வச்சேன், எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம்! என்னடி இது, ஆஸ்பத்திரிச் சோறா போடுறன்னு ஒரே கத்து. கத்தி முடிச்சுட்டுத்தான் ஞாபகம் வருது, ஐயையோ, கோபப்பட்டுட்டோமே, பிரஷர் ஏறியிருக்குமேன்னு. அவளுக்கும் பயம் வந்துருச்சு. அதோட முடிஞ்சுது. மறுநாள்ல இருந்து பழைய உப்பு, பழைய ஊறுகாய், மோர் மிளகாய், கருவாடு, அப்பளம். எனக்குச் செய்யுற கொழம்பத்தான் அவளும் ஊத்திச் சாப்புடுவா. ரெண்டு பேருக்கு ரெண்டு அடுப்பா பத்த வைக்க முடியும்?

மாத்திரை வந்துக்கிட்டுதான் இருந்துச்சு. வீட்டுக்கே வந்து பிரஷர் பாத்து மாத்திரை குடுத்துட்டுப் போற பொண்ணு ஒண்ணு இருக்கு, ரெஜினான்னு பேரு. ஆரம்ப சுகாதார நிலையத்துல இருந்து மாசம் ஒருக்கா வரும். நான் மார்க்கெட்ல இருக்கிற நேரமாப் பாத்து வரும். இல்ல, நான் அது வர்ற நேரமாப் பாத்து மார்க்கெட்ல இருப்பேன்னு வச்சுக்கங்களேன். நாச்சம்மாதான் வாங்கி அஞ்சறைப் பெட்டி பக்கத்துல வைப்பா. போட்டுக்கங்கன்னு தெனமும் தண்ணியோட நீட்டுவா. நான் போட மாட்டேன். நல்லா இருக்கிற மனுசன் எதுக்கு மாத்திரை முழுங்கணும்? தலை கொஞ்சம் பாரமா இருந்தா அன்னைக்கு ஒண்ணு போடுவேன். தலைவலி போயிரும். மிச்சத்த வச்சுக்கன்னு அவகிட்ட குடுத்துருவேன்.

இங்கதான் சார் எலி வருது.

சிரிக்காதீங்க. ஒரு நாள் எனக்குத் தலை பாரமா இருந்துச்சு. அட்டைய எடுத்துப் பாக்குறேன், பாதி காலி. ஒண்ணுவிட்டு ஒண்ணு பொத்தல். எவடி எடுத்தான்னு கேட்டேன். அவ அடுப்பப் பாத்துக்கிட்டே சொன்னா, எலி இழுத்துட்டுப் போயிருக்கும்ங்க. எலி மாத்திரை திங்குமா? திங்கும்ங்க, இந்தக் காலத்து எலி எதத்தான் திங்கலங்கறா. நானும் நம்பிட்டேன். ஏன்னா அவ பொய் சொல்லி நான் கேட்டதே இல்ல. எலிப்பொறி வாங்கியாந்து மசால் வடைய மாட்டி வச்சேன். வடை அப்படியே காஞ்சு போய்க் கெடக்கு. எலி வடையத் தொட மாட்டேங்குது, மாத்திரையத்தான் திங்குது. கள்ள எலி!

அடுத்த மாசமும் அதே கதை. எனக்குப் பொறுக்கல. நான் திங்குறேனோ திங்கலையோ, என் மாத்திரை அது, என் பேருல வந்தது, எலி எப்படித் திங்கலாம்? அத்தன அட்டையையும் அள்ளிட்டுப் போய் மண்டியில என் மேஜை டிராயர்ல வச்சுப் பூட்டிட்டேன். இனிமே அந்தப் பொண்ணு குடுத்ததும் எங்கிட்டக் குடுத்துரணும்னு நாச்சம்மாகிட்டச் சொல்லிட்டேன். அவ அட்டை இருந்த எடத்தத் துணியால தொடச்சு விட்டா. அப்புறம் சரிங்கன்னா. அதுக்கப்புறம் ஒரு மாத்திரை கொறையல சார். நான் வச்சது வச்சபடி இருந்துச்சு. எலிகிட்ட இருந்து காப்பாத்திட்டேன்.

இது என்ன ஊரு, கன்னிவாடி பிரிவா? இன்னும் நேரம் இருக்கு. கேளுங்க.

போன வெள்ளிக்கிழமை. முருங்கைக்காய் வரத்து ஜாஸ்தி. கேரளாக்காரங்கெல்லாம் சுத்தி நிக்கிறாங்க. நான் கட்டு மேல நின்னு வெல கூவிட்டிருக்கேன். மண்டி மொதலாளி போன்ல பேசிட்டு என்னயப் பாக்குறாரு. நான் பாத்ததும் வேற பக்கம் திரும்பிக்கிறாரு. மூட்டை தூக்குறவன் ஒருத்தன் என் பக்கத்துல வந்து சும்மா நிக்கிறான். இன்னொருத்தன் சோடா வாங்கியாந்து கையில வச்சுக்கிட்டு நிக்கிறான். என்னடா இன்னைக்கு மரியாதை பலமா இருக்குன்னு நெனச்சுக்கிட்டேன். நல்ல வெலைக்கு முடிச்சேன். கீழ எறங்கினேன். மொதலாளி என் கையப் பிடிச்சு, சோடாவக் குடிங்க, வீட்ல நாச்சம்மாக்காவுக்கு லேசாக் காய்ச்சலாம், திண்டுக்கல் கூட்டிட்டுப் போயிருக்காங்க, வாங்க போவோம்ங்கறாரு.

காய்ச்சலுக்கு எவன்யா திண்டுக்கல் கூட்டிட்டுப் போவான்?

அவ அடுப்படியில வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்திருக்கா. கத்தி கையில இருந்து நழுவியிருக்கு. எடுக்கப் பாத்திருக்கா, கை வரல. கோகிலா வந்திருக்கு, அம்மான்னு கூப்பிட்டா வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டு வார்த்தை கொழறுது. அந்தப் புள்ள கெட்டிக்காரி. ஒரு நிமிசம் யோசிக்கல, ஆம்புலன்ஸக் கூப்பிட்டு ஏத்திக்கிட்டுப் போயிருச்சு. மாப்பிள்ளை மண்டிக்குப் போன் பண்ணியிருக்காரு. எப்படிப் பண்ணியிருக்காரு? மாமாகிட்டச் சொல்லிராதீங்க, அவருக்குப் பிரஷர், ஏலம் முடியட்டும், பக்குவமாச் சொல்லிக் கூட்டிட்டு வாங்கன்னு. மார்க்கெட் பூரா தெரிஞ்சிருக்கு சார். கேரளாக்காரனுக்குத் தெரிஞ்சிருக்கு. சோடாக்காரனுக்குத் தெரிஞ்சிருக்கு. எம் பொண்டாட்டிக்கு வாய் இழுத்துக்கிச்சுன்னு எனக்கு மட்டும் தெரியாம நான் முருங்கைக்காய்க்கு வெல சொல்லிட்டு நின்னிருக்கேன். இத நான் எப்படிப் பொறுப்பேன்? நீங்க பொறுப்பீங்களா?

ஆஸ்பத்திரியில போய் நின்னா, ஒரு டாக்டரம்மா கேக்குறாங்க, இவங்களுக்குப் பிரஷர் எவ்வளவு நாளா இருக்குன்னு. நான் சொன்னேன், அவளுக்கு இல்லீங்க, எனக்குத்தான். அந்தம்மா என்னய ஒரு பார்வை பாத்தாங்க. அப்பத்தான் கோகிலா வாயத் தெறந்துச்சு.

ரெஜினா இருக்குல்ல, அது எனக்குன்னு வந்த நாள்ல, நான்தான் இல்லையே, சும்மா இவ கையிலயும் பட்டையச் சுத்திப் பாத்திருக்கு. எனக்கு இருந்ததவிட இவளுக்கு ஜாஸ்தி. சுகாதார நிலையத்துக்கு வாங்க, டாக்டரப் பாத்து உங்களுக்குன்னு மாத்திரை வாங்கித் தர்றேன்னு அந்தப் பொண்ணு ஒவ்வொரு மாசமும் சொல்லியிருக்கு. இவ போகல. போனா எனக்குத் தெரிஞ்சிருமாம். தெரிஞ்சா எனக்குப் பிரஷர் ஏறிருமாம். அதனால நான் போடாம வச்ச மாத்திரைய இவ போட்டிருக்கா. ஒரே நோய்தானே, வீணாத்தானே போகுதுன்னு. கோகிலாவுக்குத் தெரியும், எங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு இவ சத்தியம் வாங்கிட்டாளாம். அம்மாவுக்கு மாத்திரை நின்னு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு டாக்டர், அப்பா எடுத்துட்டுப் போய்ப் பூட்டிட்டாருன்னு எம் மக, நான் பெத்த மக, அத்தன பேரு முன்னாடி சொல்லுது.

சார், எனக்கு எப்படி இருந்திருக்கும்? நான் என்ன பண்ணேன்? எலின்னு சொன்னது அவ. நான் எலிக்குப் பயந்து பூட்டி வச்சேன். நாச்சம்மாளுக்கு வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா குடுத்திருக்க மாட்டேனா? அள்ளிக் குடுத்திருப்பேனே! கேக்கலையே. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலையே. வீட்டுக்குள்ள என்ன நடக்குதுன்னே தெரியாம ஒருத்தன வச்சிருந்தா அவன் என்ன பண்ணுவான்? இது யாரு தப்பு? அங்க வராண்டாவுலயே நின்னு கேட்டேன். தொண்டை கிழியக் கேட்டேன். அது தொழில் சத்தம் இல்ல, ஒத்துக்கிறேன்.

டாக்டரம்மா வந்து என் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் உக்கார வச்சு பட்டையச் சுத்திட்டாங்க. அடங்கினதுக்கு அப்புறம் இன்னொரு தடவ. எவ்வளவுன்னு சொல்ல மாட்டேன். அடுத்த கட்டில் உங்களுக்குத்தான்னாங்க. உங்க பேருக்கு எழுதின மாத்திரைய நீங்கதான் போடணும், அவங்க பேருக்கு எழுதினத அவங்கதான் போடணும், அளவு வேற, மருந்து வேற. நிறுத்துறதும் நீங்களா நிறுத்தக் கூடாதுன்னாங்க. நான் விடல. அம்மா, ஒண்ணு கேக்குறேன், பதில் சொல்லுங்கன்னேன். கோபப்பட்டா பிரஷர்ங்கறீங்க. நான் இத்தன வருசமாக் கத்துறேன், நான் நல்லா நிக்கிறேன். அவ கத்தினதே இல்ல, கோபப்பட்டதே இல்ல. அவளுக்கு எப்படி வரும்? கோபமே வராத பொம்பளைக்கு எப்படிம்மா பிரஷர் வரும்?

அந்தம்மா சொன்னாங்க. கோபத்துல கொஞ்ச நேரம் ஏறும், அப்புறம் எறங்கிரும். இது அது இல்ல. சாந்தமா இருக்கிறவங்களுக்கும் வரும், ஒல்லியா இருக்கிறவங்களுக்கும் வரும், வயசு, உப்பு, பரம்பரைன்னு என்னென்னவோ இருக்கு. ஒரு வேள கோபம் வராம இல்ல, வந்ததக் காட்டாம இருந்திருக்கலாம், அது எனக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியணும்னாங்க.

எனக்கு எப்படித் தெரியும்? எங்கிட்டத்தான் எதையும் சொல்றதில்லையே!

சரி. நேரத்துக்குக் கொண்டு வந்ததால பொழைச்சா. இன்னொரு தடவ வந்தா தாங்காதுன்னு சொல்லியிருக்காங்க. வலது கை இன்னும் தூக்க வரல. பேச்சு வரும், பயிற்சி குடுத்தா வரும்ங்கறாங்க. எனக்குப் பயமா இருக்கு சார். வெளிய சொல்ல மாட்டேன், உங்ககிட்டச் சொல்றேன், நீங்க எறங்கிப் போயிருவீங்க. அவ சரிங்கன்னு சொல்லாத வீட்ல என்னால உக்கார முடியல.

நேத்துப் போனேன். மண்டி டிராயர்ல பூட்டி வச்சிருந்தேன்ல, அதுல முழுசா இருந்த ஒரு அட்டையச் சட்டைப் பையில போட்டுக்கிட்டுப் போனேன். டாக்டரம்மா பாத்துட்டு இது உங்களுக்கு ஆகும், போடுங்கன்னுட்டாங்க. நான் போடல. போடுறதும் போடாததும் என் இஷ்டம். கட்டில் பக்கத்துல உக்காந்தேன். இவ இடது கைய மெதுவாத் தூக்கி என் நெஞ்சுல வச்சா. நெஞ்சத் தொடுறாளாக்கும்னு நெனச்சேன். இல்ல, சட்டைப் பையத் தடவுறா. அட்டைய வெளிய எடுத்தா. கட்டை வெரலால ஒவ்வொரு குமிழா அமுக்கி அமுக்கிப் பாக்குறா. எல்லாம் நெறைஞ்சிருக்கு, ஒண்ணுகூடப் பொத்தல் இல்ல. என்னய நிமிந்து பாத்தா பாருங்க. சார், அந்த மொகத்துல அப்பத்தான் நான் மொத மொதல்ல கோபத்தப் பாத்தேன். கல்யாணம் ஆனதுல இருந்து மொத தடவ. கோணின வாயோட, ஒரு பக்கம் மட்டும் கோபம்.

ஏதோ சொல்ல வர்றா. வரல. மறுபடி எழுத்துக் கூட்டுறா. வாய்கிட்ட காது வச்சேன். எலி, அப்படிங்கறா. எலி எலின்னு ரெண்டு தடவ சொல்லிட்டு தன் நெஞ்சத் தொட்டுக் காட்டுறா. அழுகுறாளா சிரிக்கிறாளான்னு தெரியல. ஒரு கண்ணுல மட்டும் தண்ணி வருது. எனக்குத் தெரியும்டி, பேசாம படுன்னுட்டு வெளிய வந்துட்டேன். வராண்டாவுல நின்னு நான் அழுதேன். அது யாருக்கும் தெரியாது.

அந்தா பஸ் ஸ்டாண்டு தெரியுது. எந்திரிக்கணும். சார், உங்க பாட்டில்ல தண்ணி இருக்கா? ஒரு மடக்குப் போதும். கஞ்சியில உப்புப் போடாம எடுத்துட்டு வர்றேன், அவளுக்குன்னு நான் காய்ச்சினது, அதத் தொட முடியாது.

நீங்க ஒண்ணும் நெனைக்காதீங்க. அந்தக் கேம்ப் டாக்டர் சொன்னதுக்காக நான் இந்த மாத்திரைய முழுங்கல. டாக்டரம்மாவுக்காகவும் முழுங்கல. எனக்கு ஒண்ணும் இல்ல, நான் இப்பவும் அதத்தான் சொல்லுவேன். ஆனா நான் போனதும் அந்த எலி சட்டைப் பையத் தடவும். குமிழெல்லாம் எண்ணும். இன்னைக்கு ஒண்ணு கொறஞ்சிருக்கணும், நாளைக்கு ரெண்டு கொறஞ்சிருக்கணும். இல்லேன்னா அவளுக்குக் கோபம் வந்துரும். வரக் கூடாது. அவகிட்ட யாரும் சத்தமாப் பேசக் கூடாது, கெட்ட சேதி சொல்லக் கூடாது, டென்ஷன் பண்ணக் கூடாது. மீறி எவனாவது பண்ணினான்னா நான் மனுசனா இருக்க மாட்டேன்.

இப்ப எங்க வீட்ல பிரஷர் அவளுக்குத்தான் சார். தண்ணியக் குடுங்க.